மாவு விலை பேசிய மேசை

போன அக்டோபரில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஒரு பழைய மாவு மில்லுக்குக் கூட்டிப் போனேன். பிலடெல்பியாவுக்கு மேற்கே ஓர் ஓடை, அதன் கரையில் ஒரு கல் கட்டடம். நியூலின் மில் என்று பெயர். 1704இல் கட்டியது. ஓடைத் தண்ணீரால் சக்கரம் சுற்றி, இன்றைக்கும் மக்காச்சோளம் அரைத்துக் காட்டுகிறார்கள். தேய்ந்துபோன எந்திரக்கல் ஒன்று சுவரோரமாகச் சாய்ந்து நின்றது. அம்மா குனிந்து அதில் ஓடிய வரிப்பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அம்மி கொத்தின மாதிரி இருக்கேடா. இதையும் கொத்துவாங்களா?"

கொத்துவார்கள். கீழ்க்கல் அசையாது, மேல்கல்தான் சுற்றும். மேல்கல்லின் நடுவில் இருக்கும் குழியில் தானியம் விழுந்து, வரிகள் வழியாக நசுங்கிக்கொண்டே ஓரத்துக்கு வரும்போது மாவாகியிருக்கும். இரண்டு கல்லுக்கும் நடுவே ஒரு தாள் கனம்தான் இடைவெளி. கல்லோடு கல் உரசினால் மாவு சூடேறிக் கெட்டுவிடும். பொறி பறந்தால் மில்லே எரிந்துபோகும். வரிகள் மழுங்கியதும் மேல்கல்லைத் தூக்கித் திருப்பிப் போட்டு உளியால் மறுபடி கொத்த வேண்டும். அதற்கென்றே ஊர் ஊராகப் போகிற ஆட்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். இதை நான் சொல்லச் சொல்ல, மாயவரத்தில் எங்கள் தெருவுக்கு வரும் அம்மி கொத்துகிறவரை அம்மா நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். கல்லை விட்டு நகரவே இல்லை.

பதினோரு வருடமாக இந்த மாநிலத்தில் இருக்கிறேன். வந்த புதிதில் அலுவலகத்துக்குப் போகிற வழியில் பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டே ஓட்டுவேன். ஸ்கூல்கில் ஆறு, இது டச்சுப் பெயர். கான்ஷொஹாக்கன், இந்த மண்ணின் பூர்வகுடிகளான லெனாப்பே மக்களின் பெயர். பிரின் மார், வெல்ஷ். அப்புறம் ஜெர்மன்டவுன், அதற்கு விளக்கமே வேண்டாம். அரை மணி நேர ஓட்டத்தில் நான்கு மொழி. எல்லாம் ஆங்கிலேயர் ஆண்ட காலனி என்றுதானே பள்ளியில் படித்தோம், இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கியது அப்படித்தான். தேடத் தேட நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, டெலவேர் என்ற இந்த நான்கு நடுக் காலனிகளின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1744 ஜூன். அலெக்சாண்டர் ஹாமில்டன் என்ற மருத்துவர் (டாலர் நோட்டில் இருப்பவர் இல்லை, இவர் வேறு, ஸ்காட்லாந்தில் பிறந்து மேரிலாந்தில் வைத்தியம் பார்த்தவர்) உடம்பு தேற வடக்கு நோக்கிப் பயணம் போகிறார். வழியில் பிலடெல்பியாவில் ஒரு சாப்பாட்டு விடுதி. ஒரே மேசையில் இருபத்தைந்து பேர். ஸ்காட்லாந்துக்காரர், ஆங்கிலேயர், டச்சுக்காரர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர். கத்தோலிக்கர், இங்கிலாந்துச் சபையார், பிரஸ்பிடேரியன், க்வேக்கர் (போரையும் சபைச் சடங்குகளையும் மறுத்த கிறிஸ்தவப் பிரிவினர்), மொரேவியன், சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைப்பவர், ஒரு யூதர். மதப் பேச்சு வந்தபோது சிலருக்குக் குரல் உயர்ந்தது, ஆனால் கைகலப்பு வரை போகவில்லை. மூலையில் ஒரு க்வேக்கர் கூட்டம் மட்டும் வேறு எதுவும் பேசாமல் மாவு விற்பதைப் பற்றியும், அதன் விலை இறங்கிக் கிடப்பதைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தது. தன் பயணக் குறிப்பில் இவ்வளவையும் எழுதி வைத்திருக்கிறார் ஹாமில்டன்.

அதே காலத்தில் ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் இந்த இருபத்தைந்து பேரை ஒரே மேசையில் உட்கார வைத்திருக்க முடியாது. இங்கே முடிந்தது. ஏன்? சகிப்புத்தன்மை என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிலமும் மாவும் ஆள் தேவையும் இருந்தன என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் வந்தவர்களே வியாபாரத்துக்கு வந்தவர்கள். 1609இல் ஹட்சன் என்ற மாலுமி, இன்று நியூயார்க்கில் அவர் பெயரைத் தாங்கிய ஆற்றில் ஏறியது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளத்தில்; தேடியது ஆசியாவுக்கு வழி. கிடைத்தது பீவர் என்ற ஆற்று விலங்கின் தோல். 1624இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி குடியேற்றிய முதல் குடும்பங்களில் பெரும்பாலோர் டச்சுக்காரர்கள்கூட இல்லை, பிரெஞ்சு பேசும் வலோனியர்கள். செல்வம் கொழித்த ஹாலந்தை விட்டு வர அங்கே யாருக்கு மனசு வரும்? அதனால் வருகிறவர்களை எல்லாம் கம்பெனி சேர்த்துக்கொண்டது. 1643இல் நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு (இன்றைய நியூயார்க்) வந்த ஐசக் ஜோக் என்ற பாதிரியாரிடம், இங்கே பதினெட்டு மொழி பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஆளுநர் சொல்லியிருக்கிறார். அப்போது அங்கே இருந்த ஆண்கள் நானூறு ஐந்நூறு பேர்தான்!

1654இல் பிரேசிலிலிருந்து 23 யூதர்கள் வந்து இறங்கினார்கள். ஆளுநர் ஸ்டைவெசன்ட் அவர்களைத் துரத்தப் பார்த்தார். கம்பெனி மறுத்துவிட்டது, அதன் பங்குதாரர்களில் யூதர்களும் இருந்தார்கள் என்பது ஒரு காரணம். 1657இல் ஃப்ளஷிங் ஊரார் முப்பது பேர் கையெழுத்துப் போட்டு, க்வேக்கர்களை அடைக்கலம் கொடுக்காமல் விரட்ட எங்களால் முடியாது என்று அதே ஆளுநருக்கு எழுதினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூட க்வேக்கர் இல்லை. கணக்குப் பார்த்துச் சகித்துக்கொண்ட கம்பெனி ஒரு பக்கம், யாரோ ஒருவருக்காகச் சிறைக்குப் போகத் துணிந்த ஊரார் இன்னொரு பக்கம். இரண்டுமே உண்மை. எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த முப்பது பேர்தான்.

டச்சு ஆட்சி 1664இல் முடிந்துவிட்டது. மொழி அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. நாம் மேலதிகாரியை 'பாஸ்' என்கிறோமே, அது நியூயார்க் டச்சுக்காரர்களின் 'பாஸ்' ஆங்கிலத்தில் ஏறி நம்மிடம் வந்தது. யாழ்ப்பாணத்தில் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்று சொல்வதும் டச்சுதான், அது மட்டும் இந்தப் பக்கம் சுற்றாமல் நேராக வந்தது.

டெலவேர் ஆற்றோரத்தில் 1638 முதல் ஸ்வீடன்காரர்களும் ஃபின்னியர்களும் இருந்தார்கள். மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வீடு கட்டும் முறை அவர்களோடு வந்தது. ஆக, 1681இல் வில்லியம் பென்னுக்கு இந்த நிலம் பட்டயமாகக் கிடைத்தபோது இது வெற்றுக் காடு இல்லை. பென்னின் தந்தைக்கு அரசர் இரண்டாம் சார்லஸ் 16,000 பவுண்டு பாக்கி. அந்தக் கடனுக்கு ஈடாகக் கொடுத்த நிலம் இது. மகனோ க்வேக்கர், மதத்துக்காக இங்கிலாந்தில் சிறையில் இருந்து வந்தவர். யாரும் எந்தச் சபைக்கும் கட்டாயமாகப் போக வேண்டியதில்லை என்று எழுதி வைத்தார். அதே மனிதர் நிலத்தை விற்கவும் வேண்டியிருந்தது. அதனால் தன் காலனியைப் பற்றிய துண்டுப் பிரசுரங்களை ஜெர்மனிலும் டச்சிலும் பிரெஞ்சிலும் போட்டு ஐரோப்பா முழுக்க அனுப்பினார்.

அதை வாசித்து வந்தவர்களில் 1683இல் க்ரெஃபெல்ட் என்ற ஊரிலிருந்து வந்த பதின்மூன்று குடும்பங்கள் முக்கியம். பெரும்பாலும் லினன் நெசவாளர்கள். அவர்கள் வைத்த ஊர்தான் ஜெர்மன்டவுன். ஐந்தே வருடத்தில், 1688இல், அங்கிருந்து நான்கு பேர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அடிமை முறையை எதிர்த்து இந்தக் காலனிகளில் எழுந்த முதல் கூட்டு எதிர்ப்பு அது. அதில் ஒரு வாதம் எனக்கு மறப்பதே இல்லை. இந்த நாட்டில் மனசாட்சிக்குச் சுதந்திரம் இருக்கிறது, அது நியாயம். அப்படியானால் உடம்புக்கும் சுதந்திரம் இருக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். நடுக்கடலில் துருக்கியர் கப்பலைக் கண்டாலே நம்மைப் பிடித்து அடிமையாக விற்றுவிடுவார்களோ என்று நடுங்கினோமே, நாம் செய்வது மட்டும் என்ன என்றும் கேட்கிறார்கள். மனு க்வேக்கர்களின் மாதக் கூட்டத்துக்குப் போனது. இது எங்கள் அளவுக்கு மீறிய விஷயம் என்று மேலே அனுப்பினார்கள். காலாண்டுக் கூட்டமும் அப்படியே. ஆண்டுக் கூட்டம் ஓரமாக வைத்துவிட்டது. அடிமை வைத்திருப்பவர் நம் சபையில் இருக்கக் கூடாது என்று பிலடெல்பியா க்வேக்கர்கள் தீர்மானித்தது 1776இல். எண்பத்தெட்டு வருடம்.

ஏன் அவ்வளவு தாமதம்? மறுபடி மாவுக்கே வர வேண்டும்.

இங்கே மண் நல்ல மண். கோதுமை அமோகமாக விளைந்தது. விவசாயி மில்லுக்குக் கொண்டுவந்தார். மில்காரர் அரைத்துக் கொடுத்துவிட்டுக் கூலியாக ஒரு பங்கை எடுத்துக்கொண்டார். வியாபாரி மாவை வாங்கி 196 ராத்தல் பிடிக்கும் பீப்பாய்களில் அடைத்தார். அந்தப் பீப்பாய் செய்ய ஓர் ஆள், அதற்கு ஓக் மரம் வெட்ட ஓர் ஆள், லங்காஸ்டர் பக்கத்து ஜெர்மானியர் உருவாக்கிய கொனஸ்டோகா பார வண்டியில் ஏற்றிக் கொண்டுவர ஓர் ஆள். நியூயார்க் நகரத்துக்கு 1686இல் செய்த முத்திரையைப் பாருங்கள். காற்றாலைக் கைகள், இரண்டு பீவர், இரண்டு மாவுப் பீப்பாய். நகரத்தின் சாப்பாடு எதிலிருந்து வருகிறது என்பதை அப்படியே பொறித்துவிட்டார்கள்.

மாவு கப்பலேறிப் போன இடம் பெரும்பாலும் கரீபியத் தீவுகள். பார்படோஸ், ஜமைக்கா போன்ற தீவுகளில் நிலமெல்லாம் கரும்பு. சாப்பாட்டுக்குப் பயிர் வைக்கும் இடத்தில் கரும்பு வைத்தால் கூடுதல் லாபம் என்பதால் உணவை வெளியிலிருந்து வாங்கினார்கள். அந்தக் கரும்பை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். பிலடெல்பியா மாவும் நியூயார்க் ரொட்டியும் அந்தத் தோட்டங்களைத் தாங்கின. திரும்பி வந்த கப்பல்களில் சர்க்கரையும் வெல்லப்பாகும் ரம்மும் வந்தன, சில சமயம் மனிதர்களும் வந்தார்கள். 1684இலேயே இசபெல்லா என்ற கப்பல் 150 ஆப்பிரிக்கர்களை பிலடெல்பியாவில் இறக்கியது. பென்னிடமும் அடிமைகள் இருந்தார்கள். நியூயார்க்கில் 1711இல் வால் ஸ்ட்ரீட் முனையில் அடிமைச் சந்தையே வைத்தார்கள். அந்த ஊரில் 1991இல் கட்டட வேலைக்குத் தோண்டியபோது ஆப்பிரிக்கர்களின் இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். பன்மைப் பண்பாடு என்று இந்தக் காலனிகளைப் புகழ்கிற போதெல்லாம் அந்த இடுகாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த மக்களும் பல மொழி பேசியவர்கள்தான். அவர்களை எந்த விடுதியிலும் மேசையில் உட்கார வைக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம். ஆளி விதை. அயர்லாந்தில் லினன் நெய்கிறவர்கள், நூல் மென்மையாக வர வேண்டும் என்று விதை முற்றும் முன்பே செடியைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்த விதைப்புக்கு விதை? பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் கப்பலில் போகும். வெறும் கப்பல் திரும்பக் கூடாதே, வரும்போது லினன் துணியையும் அல்ஸ்டர் பக்கத்து ஏழைக் குடும்பங்களையும் ஏற்றி வரும். ஸ்காட்ஸ்-ஐரிஷ் என்று இன்று சொல்லப்படுகிற மக்கள் 1718க்குப் பிறகு ஆயிரம் ஆயிரமாக இங்கே வந்து எல்லைப்புறத்தில் குடியேறியதில் அந்த விதை மூட்டைகளுக்கும் பங்கு உண்டு.

ஜெர்மானியர் வந்த விதம் இன்னும் கடினம். கையில் காசில்லாதவர் ராட்டர்டாமில் கடனுக்குக் கப்பலேறலாம். பிலடெல்பியாவில் யாராவது அந்தக் கடனைக் கட்டினால்தான் கரையிறங்க முடியும். கட்டியவரிடம் மூன்று முதல் ஆறு வருடம் உழைக்க வேண்டும். பிள்ளைகள் இருபத்தொரு வயது வரை. 1750இல் ஓர் ஆர்கன் வாத்தியத்தோடு வந்து சேர்ந்த மிட்டல்பெர்கர் என்பவர் இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதினார். பாதி வழிக்கு மேல் கணவன் செத்தால் இரண்டு பேர் கடனையும் மனைவி உழைத்துத் தீர்க்க வேண்டும். பெற்றோர் தங்கள் கடனைக் கழிக்கப் பிள்ளைகளை வேறு வேறு வீட்டுக்கு விற்றுவிட்டு, பிறகு வருடக்கணக்கில் பார்க்காமலே இருந்திருக்கிறார்கள்.

அந்த மிட்டல்பெர்கர் ஆர்கன் வாசித்த தேவாலயம் ட்ராப் என்ற ஊரில் 1743இல் கட்டியபடியே இன்றும் இருக்கிறது. முதல் முறை அங்கே போனபோது, அதைக் கட்டிய பாதிரியார் ஹென்ரி மியூலன்பெர்கை 1742இல் அனுப்பியது ஜெர்மனியின் ஹாலே நகரத்து மிஷன் நிறுவனம் என்று வாசித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். ஹாலே! மாயவரத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சுற்றுலா என்றால் தரங்கம்பாடிதான். அங்கே 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்குவும் ஹாலேயில் படித்தவர். தரங்கம்பாடி அச்சகத்துக்குத் தமிழ் எழுத்துகளை முதலில் வார்த்து அனுப்பியதும் ஹாலேதான். ஒரே நிறுவனம் ஒரு கையை எங்கள் கடற்கரைக்கும் இன்னொரு கையை இந்தக் காட்டுக்கும் நீட்டியிருக்கிறது. அங்கே போனவர் தமிழ் படித்தார். இங்கே வந்தவர் ஜெர்மன், டச்சு, ஆங்கிலம் மூன்றிலும் பிரசங்கம் செய்தார். அந்தக் கல் சுவரைத் தொட்டுப் பார்த்தபோது, ஊரைவிட்டு வந்த பிறகு முதல் தடவையாக இந்த மண் கொஞ்சம் சொந்தமானது போலிருந்தது.

அந்த மியூலன்பெர்க்கின் மாமனார் கான்ராட் வைசர். இந்த நடுக் காலனிகளை ஒரே ஆளில் பார்க்க வேண்டும் என்றால் நான் இவரைக் காட்டுவேன். 1696இல் ஜெர்மனியில் பிறந்தவர். கப்பலுக்குத் தார் காய்ச்ச ஆள் வேண்டும் என்று ஆங்கில அரசு நியூயார்க்குக்கு ஏற்றி அனுப்பிய சுமார் 3,000 அகதிகளில், பாலட்டினேட் என்ற ஜெர்மன் பகுதியிலிருந்து வந்தவர்களில், ஒரு சிறுவனாக 1710இல் வந்தார். பல நூறு பேர் வழியிலும் வந்து சேர்ந்த கோடையிலும் செத்துப்போனார்கள். தார் எடுக்க வந்த மரமோ அதற்கு ஏற்ற பைன் இல்லை. 1712இல் ஆளுநர் படியளப்பதை நிறுத்திவிட்டார். பசியில் கிடந்த கூட்டம் மோஹாக் என்ற பூர்வகுடி மக்களின் நிலப்பக்கம் போனது. அப்பா தன் பதினாறு வயது மகனை அந்தக் குளிர்காலத்தில் மோஹாக் குடும்பம் ஒன்றோடு தங்க அனுப்பினார், அவர்கள் மொழியைக் கற்றுவரச் சொல்லி. குளிரும் பட்டினியுமாக அவன் கற்றுக்கொண்ட மொழி பிறகு ஒரு காலனியின் தலையெழுத்தையே எழுதியது. 1729இல் பென்சில்வேனியாவுக்கு வந்து விவசாயம் செய்தார். மோஹாக்குகளும் சேர்ந்த இரோக்குவா என்ற பூர்வகுடிக் கூட்டமைப்போடு அரசு பேசிய பேச்சுகளில் முப்பது வருடம் இவர்தான் மொழிபெயர்ப்பாளர்.

அந்தப் பேச்சுகளில் ஒன்றில்தான் லெனாப்பே மக்களின் கதை முடிந்தது. பென் அவர்களிடம் நிலத்தைப் பேசி வாங்கினார். அவர்கள் மொழியும் கொஞ்சம் கற்றார். பிள்ளைகளுக்கோ கடன் நெருக்கியது. 1686இல் ஓர் ஒப்பந்தம் போட்டதாகச் சொல்லி, கையெழுத்தில்லாத ஒரு நகலை எடுத்து நீட்டினார்கள். ஒன்றரை நாளில் ஒரு மனிதன் நடந்து போகிற தூரம் வரை எங்களுக்கு என்றார்கள். லெனாப்பேக்கள் நினைத்தது, ஆற்றோரமாக நடந்து, உட்கார்ந்து சாப்பிட்டு, புகை பிடித்துவிட்டுப் போகிற நடையை. பென்னின் பிள்ளைகள் தரப்போ முன்கூட்டியே காட்டில் பாதை வெட்டி வைத்தது. வேகமான மூன்று பேரைப் பிடித்து, ஜெயிப்பவனுக்கு 500 ஏக்கர் என்றார்கள். 1737 செப்டம்பர் 19 காலை ரைட்ஸ்டவுனிலிருந்து கிளம்பினார்கள். இருவர் வழியிலேயே ஓய்ந்துபோக, எட்வர்ட் மார்ஷல் மட்டும் சுமார் 65 மைல் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து ஆற்றை நோக்கிக் கோடு போட்டதிலும் தந்திரம். நேராகப் போடாமல் சாய்த்துப் போட்டார்கள். மொத்தம் 1,200 சதுர மைல். தஞ்சாவூர் மாவட்டத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

லெனாப்பேக்கள் நகர மறுத்தார்கள். 1742இல் பிலடெல்பியாவில் கூடிய சபையில், காலனிக்குச் சாதகமாக இரோக்குவா தலைவர் கனசடேகோ எழுந்து, நிலம் விற்க நீங்கள் யார், உடனே இடத்தைக் காலி செய்யுங்கள் என்று அவர்களை விரட்டினார். அந்தச் சபையில் மொழிபெயர்த்தவர் வைசர். அகதியாக வந்த ஒரு பையன் பசியில் கற்ற மொழி, இன்னொரு மக்களை அகதியாக்கப் பயன்பட்டது. அவரை என்னால் வெறுக்கவும் முடியவில்லை. முழு மனதோடு மெச்சவும் முடியவில்லை.

மில்லிலிருந்து திரும்பிய அடுத்த வாரம் அம்மாவை ரைட்ஸ்டவுனுக்கும் கூட்டிப் போனேன். சாலை ஓரத்தில் கற்களால் கட்டிய நினைவுச் சின்னம் இருக்கிறது. இந்த நிலத்தின் பழைய உரிமையாளர்களான லெனாப்பேக்களின் நினைவாக என்று பொறித்திருக்கிறார்கள். உரிமையாளர் என்றே எழுதியிருக்கிறார்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "அவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?" என்றாள்.

ஓஹையோவுக்குப் போனார்கள், அங்கிருந்து இண்டியானா, மிசூரி, கான்சஸ், கடைசியில் நிறையப் பேர் ஓக்லஹோமா. கொஞ்சம் பேர் கனடாவில் என்றேன்.

"அது எவ்வளவு தூரம்?"

"ஓக்லஹோமாவா? காரில் ரெண்டு நாள் ஆகும்மா."

"அவங்க நடந்துதானே போயிருப்பாங்க" என்றாள். காரில் ஏறிய பிறகும் கண்ணாடி வழியாக அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.